உவரி மீன் வண்டியும் ஒரு பீங்கான் தேனடையும்

திருநெல்வேலிக்கு வந்து இறங்கிய காலையில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பூர்வீகம் எந்த ஊரு?" ஆட்டோக்காரர் கேட்டார், விடுதியில் பதிவேட்டை நீட்டிய பெண் கேட்டார், இட்லிக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து வைத்தவர் கேட்டார். பூர்வீகம் தேடி வரவில்லை, உடைந்த பீங்கானைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று மூவருக்கும் சொன்னேன். இட்லிக்காரர் மட்டும் விடவில்லை. "கப்பு, சாசரா மேடம்?" என்றார்.

கப்பும் இல்லை, சாசரும் இல்லை. மலேசியாவில் ஈப்போ நகரத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை, டீசல் வண்டிகளின் புகைக்குழாய்க்குள் வைக்கிற வடிகட்டியைச் செய்கிறது. பார்வைக்குத் தேனடை மாதிரி இருக்கும். நீளவாக்கில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள், ஒன்று இந்த முனையில் அடைத்திருந்தால் அடுத்தது மறுமுனையில் அடைத்திருக்கும். ஒரு குழலில் நுழைந்த புகை வெளியே போக வேண்டுமானால் இடையிலிருக்கும் பீங்கான் சுவரை ஊடுருவித்தான் போக வேண்டும். அந்தச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. காற்று போய்விடும், கரித்தூள் தங்கிவிடும். அந்தச் சுவர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு.

இந்தப் பக்கத்திலிருந்து உடைந்த வடிகட்டிகள் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. நேரில் பார்த்து, தவறு நம்முடையது இல்லை என்று எழுதிக்கொண்டு வா என்று முதலாளி என்னை அனுப்பினார். தொழிற்சாலையில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் கிளம்பினேன். வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள் ஜல்லி ஏற்றிய ஒரு லாரி எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. அதன் பின்னால் பத்து நிமிடம். லாரி ஒவ்வொரு முறை உறுமும்போதும் ஒரு கரும் உருண்டை கிளம்பி நேரே ஆட்டோவுக்குள் வந்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு தாய், முன்னால் நிற்கவைத்திருந்த பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு அமுக்கிக்கொண்டாள். ஈப்போவிலும் சுண்ணாம்புக்கல் மலைகளை உடைக்கிறோம், லாரிகள் புகைக்கின்றன. எங்கள் ஊர் சுத்தம் என்று பீற்றிக்கொள்ள எனக்கு வாய் இல்லை. ஆனால் அந்த லாரி புது லாரி. புது லாரியில் கட்டாயம் வடிகட்டி இருக்க வேண்டும். வடிகட்டி இருந்தால் அப்படி ஒரு புகை வரவே வராது. எனக்கு அங்கேயே ரத்தம் சூடாகிவிட்டது.

வண்டி விற்பனைக் கம்பெனியின் பழுதுபார்க்கும் நிலையம் புறவழிச் சாலையில் இருந்தது. குளிர்பதன அறையில் மேலாளர் எனக்கு இளநீர் கொடுத்தார், அல்வா சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தார், பிறகு பின்கட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு குவியலைக் காட்டினார். சாக்கு மூட்டைகளில் எங்கள் தேனடைகள் துண்டு துண்டாகக் கிடந்தன.

"சரக்கு தாங்க மாட்டேங்குது மேடம். வண்டிக்காரங்க உடஞ்சதைக் கொண்டாந்து போட்டுட்டு புதுசு கேக்காவ. நாங்க உங்களுக்கு அனுப்புதோம். வேற என்ன செய்ய?"

ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். சூட்டில் வெடித்த பீங்கானில் உருகல் இருக்கும், விரிசல் சுற்றி ஓடும். இதில் ஓரம் நொறுங்கி, நடுவில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அடுத்த துண்டிலும் அதே பள்ளம். மூன்றாவது மூட்டையைக் கவிழ்த்தேன், அதிலும் அதேதான்.

"இது கடப்பாரை," என்றேன்.

மேலாளர் வாசல் பக்கம் பார்த்தார். "இருக்கலாம் மேடம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நாங்க செய்யல, வெளியில செய்யுதாவ. நாம ஏன் அதுக்குள்ள போவணும்? உங்க அறிக்கையில ஓட்டுநர் தவறுன்னு போட்டுட்டா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

தெரிந்தே மூட்டை கட்டிக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். இளநீரை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். குடிக்காதது இன்றும் உறுத்துகிறது, நல்ல இளநீர்.

வெளியில் யார் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. மறுநாள் காலை ஆட்டோக்காரரிடம் "காடி ரிப்பேர் செய்யற இடம்" என்றேன். எங்கள் ஊரில் வண்டிக்குக் காடி என்போம். அவர் முழித்தார். "புகைக்குழாய்க்குள்ள இருக்கிறதை உடைச்சு எடுப்பாங்களே" என்றதும், "பேச்சிமுத்து அண்ணாச்சி பட்டறையா? அங்கனதான் எல்லா வண்டியும் போவுது" என்று நேரே கொண்டுபோய் இறக்கினார்.

பாளையங்கோட்டைக்கு வெளியே தகரக் கூரை போட்ட பட்டறை. பேச்சிமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும், கை சுத்தம், பேச்சு நிதானம். நான் போனபோது ஒரு சின்ன லாரியின் வடிகட்டி உருளையை அறுத்துத் திறந்து, நிமிர்த்தி வைத்து, கடப்பாரையை நடுவில் வைத்துச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். ஐந்தே அடி. என் பரிசோதனை மேசையில் வெளிச்சம் வைத்து ஒவ்வொரு குழலாகப் பார்த்து அனுப்பியது பொலபொலவென்று கொட்டியது. கரியும் பீங்கான் தூளும் மேகமாக எழும்பின. அவர் மூக்கில் ஒரு துண்டுத் துணிகூட இல்லை. பிறகு வெற்று உருளையைப் பழையபடி பற்றவைத்தார், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வண்டியின் கணினிக்குப் பொய் சொல்ல ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டினார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. பிள்ளைகள் மூச்சுவிடுகிற காற்று என்றேன், கொலை என்றேன், ஜெயில் என்றேன். பட்டறையில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பேச்சிமுத்து சம்மட்டியைக் கீழே வைத்தார். "யம்மா, நீங்கதான் இதைச் செஞ்சியளா?"

"ஆமாம்."

"அப்பம் நீங்களே சொல்லுங்க. இது அடச்சுக்கிட்டா கழுவிக் குடுக்க இந்த ஜில்லாவுல ஒரு எடம் உண்டா? கம்பெனிக்காரன் புதுசுதான் வாங்கணும்ங்கான், வண்டியைப் பத்து நாள் போட்டுட்டுப் போங்கான். பத்து நாள் வண்டி நின்னா அவன் பிள்ளைக்கு யாரு சோறு போடுவா? நான் ஒரு மணி நேரத்துல ஓட வைக்கேன். எம்மேல கோவப்படுதிய. சரி, படுங்க."

என்னிடம் பதில் இருந்தது. வடிகட்டியை உலையில் மெல்லச் சூடேற்றிக் கரியை எரித்து, காற்றடித்துச் சாம்பலை எடுத்துவிடலாம். எங்கள் ஊரில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. இந்த ஜில்லாவில் அப்படி ஒரு கடை இல்லை என்றால், என் பதிலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

சாயா குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் முன்னால் வந்தார். நாற்பது வயது, சட்டையில் மீன் வாடை. பெயர் சேவியர். கடற்கரை ஊரான உவரியில் மீன் ஏற்றிச் சேரன்மகாதேவி மாதிரி உள்பக்கத்துச் சந்தைகளுக்குக் கொண்டுபோகும் வண்டி அவருடையது, பிரேக் பார்க்க வந்திருந்தார். "என் வண்டியிலயும் அண்ணாச்சிதான் எடுத்தாவ," என்றார். "நாளைக்கு எங்கூட ஒரு நாள் வண்டியில வாங்க. வந்துட்டு அப்புறமா ஏசுங்க."

போவதாகச் சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் விடியற்காலைப் பேருந்தில் உவரிக்குப் புறப்பட்டேன். நாங்குநேரி தாண்டியதும் கியர் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் இறங்கினார், அடியில் புகுந்து எதையோ தட்டினார், ஏறினார். "ரெண்டாவது கியரு மட்டுந்தான். பைய போவோம், அவசரக்காரங்க எறங்கிக்கிடுங்க" என்று அறிவித்தார். யாரும் இறங்கவில்லை. செம்மண் காட்டுக்குள் மாட்டுவண்டி வேகத்தில் போனோம். கோலாலம்பூர் விரைவுப் பேருந்தில் இப்படி ஆகியிருந்தால் அரை மணி நேரத்தில் மாற்றுப் பேருந்து வந்திருக்கும், அதற்குள் பாதிப் பேர் புகார் எழுதியிருப்பார்கள். இங்கே எனக்குப் பின்னால் ஒரு பெண், "நடந்தா இன்னும் வெரசாப் போயிரலாம் போல" என்றாள். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன், அந்த வாரத்தில் ஒரே தடவை.

திசையன்விளையில் வேறு பேருந்து மாறி உவரி போய்ச் சேர்ந்தபோது கரையில் ஏலம் முடியப்போகிற நேரம். சேவியர் சாளையும் கொஞ்சம் சீலாவும் எடுத்திருந்தார். ஐஸ் உடைத்துப் போட்டு மீனை அடுக்கினார்கள். சேவியரின் வீட்டில் சுடச்சுடச் சோறும் தேங்காய் அரைத்துவிட்ட சாளைக் குழம்பும் இருந்தன. சமைத்து வைத்துவிட்டு அவர் மனைவி சகாயமேரி முந்தின பேருந்திலேயே சேரன்மகாதேவிச் சந்தைக்குப் போய்விட்டாராம், இடம் பிடிக்க. முகம் பார்க்காதவர் சமைத்த குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

வண்டியில் ஏறியதும் நான் பார்த்தது ஓட்டுநருக்கு முன்னால் வலப்பக்கம் இருந்த ஒரு பொத்தான். அதன் மேல் ஒரு சின்னப் படம், பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக.

"இது என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. ஒருநாளும் அமுக்குனதில்ல."

அடைப்பு கூடும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தப் பொத்தானை அமுக்கி, இஞ்சினை ஓடவிட்டால், வடிகட்டி தானே சூடேறிக் கரியை எரித்துக்கொள்ளும். அரை மணி நேர வேலை. நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாகப் போகிற லாரிக்கு அது தானாகவே நடந்துவிடும். சந்து சந்தாக நின்று நின்று போகிற மீன் வண்டிக்கு ஓட்டுநர்தான் செய்ய வேண்டும். சொன்னேன். 

"இந்தப் புள்ளிப் பெட்டி வெளக்கு ஒருநாள் எரிஞ்சுச்சு," என்றார் சேவியர். "கம்பெனிக்குப் போன் போட்டேன். 'ஒண்ணும் ஆவாது, ஓட்டுங்க'ன்னாவ. நாலு நாளு ஓட்டுனேன். அஞ்சாம் நாளு களக்காட்டுக்கு இந்தப் பக்கம் வண்டி இழுக்கல. ஆக்சிலேட்டர மிதிச்சா நடக்குத வேகந்தான் போவுது. வெயிலுன்னா வெயிலு, அப்பிடி ஒரு வெயிலு. வண்டி நெறையச் சாளை. ஐஸு கரஞ்சு ரோட்டுல ஓடுது. சந்தைக்குப் போய்ச் சேந்தப்ப கதவத் தொறந்தவன் மூக்கப் பொத்திக்கிட்டான். அம்புட்டையும் குழி தோண்டிப் புதச்சேன் மேடம். மறுநாளே அண்ணாச்சிகிட்ட போய்ட்டேன்."

முன்பெட்டியைத் திறந்தேன். மாதா படத்துக்கும் பழைய ரசீதுகளுக்கும் கீழே வண்டியின் கையேடு இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். பிரித்துப் பார்த்தேன். பொத்தானைப் பற்றிப் பின்பக்கத்தில் ஒரு பத்தி, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். முந்தின நாள் பேச்சிமுத்துவைப் பார்த்துக் கத்திய கத்தல் முழுவதும் தொண்டைக்குத் திரும்பி வந்தது. இந்தக் கையேட்டை எழுதியவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? விற்றவன் ஒருவன், போனில் 'ஒண்ணும் ஆவாது' என்றவன் ஒருவன். இருபத்திரண்டு வருடம் சுவரின் துளையை மட்டும் பார்த்துவிட்டு, அது எந்த வண்டிக்குள் போகிறது, யார் ஓட்டுகிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்காத நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன்.

சேரன்மகாதேவியை நெருங்கும்போது இரண்டு பக்கமும் வயல், நெல் நன்றாகப் பிடித்து நின்றது. காற்று குளிர்ந்தது. அதை அனுபவிக்கிற மனநிலையில் நான் இல்லை.

சந்தையில் வண்டிகள் பின்பக்கத்தைக் காட்டி வரிசையாக நின்றன. மீன்காரப் பெண்கள் அவற்றின் பின்னாலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இறக்கும்வரை ஒருவரும் இஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்றார் ஒருவர், வரிசை நகருமே என்றார் இன்னொருவர். தரையில் உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கிற உயரத்தில்தான் புகைக்குழாயின் வாயும் இருந்தது.

சகாயமேரி எங்கள் வண்டிக்குப் பின்னால் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தார். நான் குழம்பைப் புகழ்ந்தேன், சிரித்தார். நாலு மீன் செதில் எடுத்திருப்பார். இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து, மூச்சுமருந்துக் குப்பியை எடுத்து, வாயில் வைத்து இரண்டு தடவை உறிஞ்சினார். குப்பியைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

"எத்தனை நாளாக இது?" என்று கேட்டேன்.

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. வீட்டுல யாராச்சும் பீடி குடிக்காவளான்னு டாக்டரு கேட்டாரு. இவிய குடிக்க மாட்டாவ. வெறகடுப்பான்னாரு. கேஸுன்னேன். அப்பம் சாம்பிராணியா இருக்கும், போடாதியன்னுட்டாரு."

நான் யோசிக்காமல் பேசிவிட்டேன். வடிகட்டி என்று ஒன்று இருந்ததையும் அதை எடுத்துவிட்டதையும் சொல்லிவிட்டேன். சகாயமேரி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார்.

"எப்ப எடுத்திய?" என்று கணவரைக் கேட்டார்.

சேவியர் வண்டியின் கதவைப் பார்த்துக்கொண்டு, "போன தவக்காலத்துக்கு முன்னால" என்றார்.

"நான் என்ன சவமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா?"

"மீனு அழுகிப் போச்சுல்லா மேரி."

அவர் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க செஞ்ச சாமான் எங்க மீன அழுக வச்சுது. அத எடுத்தா என் நெஞ்சு அடைக்குது. ரெண்டுலயும் நாங்கதான் சாவணும், என்ன? அன்னைக்கெல்லாம் நீங்க எங்க இருந்திய?"

ஈப்போவில், வெளிச்சம் போட்ட மேசை முன்னால் இருந்தேன். 

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பையிலிருந்த வெள்ளைத் துடைப்புத்தாளை எடுத்து, எங்கள் வண்டியின் புகைக்குழாய்க்குள் விட்டுத் துடைத்தேன். விரலைச் சுட்டுக்கொண்டேன். தாள் மை மாதிரி கறுத்து வந்தது. வடிகட்டி வேலை செய்கிற வண்டியில் அந்தத் தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே வரும். சகாயமேரியிடம் காட்டினேன். அவர் எழுந்தார். "அடுத்த வண்டியத் தொடைங்க" என்றார்.

வரிசை முழுவதும் துடைத்தோம். பழைய வண்டிகளுக்கு வடிகட்டியே கிடையாது, அவற்றை விட்டுவிட்டேன். புதிய வண்டிகளில் எல்லாத் தாளும் கறுப்பு, கடைசியில் நின்ற ஒன்றைத் தவிர. அந்த வண்டி வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறதாம். சகாயமேரிக்கு நெஞ்சடைப்பு இன்ன வண்டியால் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் அவர் கையில் கறுத்த தாள்கள் ஒரு கத்தையாக இருந்தன. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றப் பெண்களுக்குக் காட்டினார்.

"ஏட்டி, இங்கன பாரு. நாம தெனமும் தின்னுகிட்டு இருக்கது இதுதான்."

பிறகு அரிவாள்மனையை எடுத்து முதல் வண்டியின் முன்னால் போட்டு உட்கார்ந்தார். "இஞ்சின நிறுத்துலே!" ஓட்டுநர் ஏதோ முனகினான். இன்னொரு பெண் கூடையோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு நாலு பேர். "வண்டிய நிறுத்துனாத்தான் மீனுல கை வைப்போம். இல்லன்னா நீயே வெட்டி நீயே வில்லு." ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் சேவியர் சாவியைத் திருப்பினார். அதற்குப் பின் ஒவ்வொரு வண்டியாக அடங்கியது. கடைசி வண்டி நின்றபோது யாரோ மீன் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. என் கண் எரிச்சல் நிற்கவில்லை, ஆனாலும் அங்கேயே நின்றேன்.

மறுநாள் விடுதியில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். முதலாளி தொலைபேசியில் வந்தார். மலாய் மொழியில் பேசினார். அதன் சாரம் இது: கடப்பாரை என்றால் கடப்பாரை என்று எழுது, பயன்படுத்துபவரின் தவறு, முடிந்தது. கையேட்டைப் பற்றி எழுத உன்னை யார் கேட்டது? அது வண்டிக் கம்பெனியின் வேலை. சுத்தம் செய்கிற கடை இல்லை என்பது அந்த ஊர்க்காரர்களின் பிரச்சினை.

படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. தயாரிப்புக் குறை, தேய்மானம், பயன்படுத்துபவர் தவறு. மூன்றையும் விட்டுவிட்டு, ஆறு பக்கம் தனியாக எழுதினேன். மூட்டைகளைப் பற்றி, தெரிந்தே அனுப்பியதைப் பற்றி, உறை பிரிக்காத கையேட்டைப் பற்றி, புதைத்த சாளையைப் பற்றி. சகாயமேரி கத்தையிலிருந்து எனக்குக் கொடுத்த ஒரு கறுத்த தாளையும் படமெடுத்துச் சேர்த்தேன். வட்டாரத்துக்கு ஒரு சுத்தம் செய்யும் உலை வையுங்கள், வடிகட்டியை எடுத்தவர்களுக்கெல்லாம் திரும்பப் பொருத்திக் கொடுங்கள் என்று முடித்தேன். முதலாளிக்கும் வண்டிக் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். அதற்குப் பிறகு என்னை எந்த ஊருக்கும் அனுப்பவில்லை.

சில மாதம் கழித்து வண்டிக் கம்பெனி ஒரு காரியம் செய்தது. பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டத் தமிழில் ஒரு ஸ்டிக்கர் அச்சடித்து எல்லா ஓட்டுநர்களுக்கும் கொடுத்தது. உலை வரவில்லை, வடிகட்டியும் வரவில்லை.

போன வாரம் சகாயமேரி எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். சந்தையில் இப்போதும் இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் மீன் இறக்குகிறார்களாம். ரோட்டில் அதே புகைதானாம். பிறகு சொன்னார்: "யக்கா, ஸ்டிக்கரு வந்துருக்கு. வண்டிக்குள்ள பில்டரு இல்லாம ஸ்டிக்கர ஒட்டி என்ன செய்ய? என் நெஞ்சுல ஒட்டிக்கிடவா? அந்த நாசமாப் போறவனுவகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அந்தச் செய்தியை அப்படியே முதலாளிக்கு அனுப்பினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்த்துத் தரச் சொன்னார். நாசமாய்ப் போகிறவர்கள் என்பதற்கு மலாயில் சரியான சொல் எது என்று யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிடைத்தது. எதையும் மழுப்பாமல் எழுதி, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.